பெட்ரோல் விலை மாறவில்லை. பணம் போகும் இடம் மாறியது: கலால் வரியில் மறைந்துள்ள கணக்கு

புது தில்லி:

2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி மத்திய நிதிநிலை அறிக்கை தாக்கலான சிறிது நேரத்தில், பெட்ரோல், டீசல் மீதான கலால் வரி லிட்டருக்கு 2 ரூபாய் குறைக்கப்பட்டது என்ற செய்தி நாடெங்கும் பரவியது. விலை குறையும் என்று வாகன ஓட்டிகள் மகிழ்ந்தனர். அன்று மாலைக்குள் அந்த மகிழ்ச்சி வடிந்துவிட்டது.

அடிப்படைக் கலால் வரி 2 ரூபாய் குறைக்கப்பட்டது உண்மை. லிட்டருக்கு 6 ரூபாயாக இருந்த கூடுதல் கலால் வரி நீக்கப்பட்டதும் உண்மை. ஆனால், அதே அறிவிப்பில் லிட்டருக்கு 8 ரூபாய் "சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ்" புதிதாக விதிக்கப்பட்டது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிச்சம் பூஜ்யம். பெட்ரோல் நிலையத்தில் விலை ஒரு காசுகூட மாறவில்லை.

விலை மாறாததால் செய்தியும் இரண்டொரு நாளில் மறக்கப்பட்டது. ஆனால், அன்று மாறிய ஒன்று உண்டு. மாநிலங்களுடன் சட்டப்படி பகிர்ந்துகொள்ள வேண்டிய வரியிலிருந்து லிட்டருக்கு 2 ரூபாய், பகிர்ந்துகொள்ளத் தேவையில்லாத வரிக்கு மாற்றப்பட்டது. மக்கள் கொடுத்த பணம் அதேதான். அது போய்ச் சேரும் கணக்குத்தான் வேறு.

பெட்ரோல், டீசல் வரி பற்றிய விவாதம் பெரும்பாலும் "எவ்வளவு" என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறது. "எந்தப் பெயரில்" என்ற கேள்வியும் அதே அளவுக்கு முக்கியமானது. இவ்விரு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால்தான் கலால் வரி சாமானிய மக்களை எவ்வாறு தொடுகிறது என்பது விளங்கும்.

ஆலை வாசலில் விழும் வரி

கலால் வரி என்பது உள்நாட்டில் உற்பத்தியாகும் பொருள் மீது விதிக்கப்படும் வரி. பொருள் ஆலையை விட்டு வெளியேறும்போதே அது கணக்கிடப்படுகிறது. செலுத்துபவர் உற்பத்தியாளர், சுமப்பவர் நுகர்வோர். கடைக்கு வரும் முன்பே விலைக்குள் கலந்துவிடுவதால், வரி கட்டுகிறோம் என்ற உணர்வே வாங்குபவருக்கு ஏற்படுவதில்லை. மாநில அரசுகள் மதுபானங்கள் மீது விதிக்கும் ஆயத்தீர்வை இதன் உறவுதான் என்றாலும், இங்கு பேசப்படுவது மத்திய கலால் வரி.

இந்தியாவில் இந்த வரிக்கு நல்ல பிறப்புக் கதை இல்லை. லங்காஷயர் ஆலை அதிபர்களைத் திருப்திப்படுத்த, இந்திய ஆலைகளில் நெய்யப்பட்ட பருத்தித் துணி மீது 1896-இல் ஆங்கிலேய அரசு 3.5 சதவீத கலால் வரி விதித்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் 1926-இல்தான் அது ஒழிந்தது. முதல் உலகப் போரின்போது 1917-இல் பெட்ரோலும், 1922-இல் மண்ணெண்ணெயும், 1934-இல் சர்க்கரையும் தீப்பெட்டியும் இந்த வளையத்துக்குள் வந்தன. 1944-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் பெயரே "மத்திய கலால் மற்றும் உப்புச் சட்டம்". அதிலிருந்து "உப்பு" என்ற சொல் நீக்கப்பட்டது 1996-இல்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு தொழில் வளர வளர, மத்திய அரசின் வருவாய்க்கு முதுகெலும்பாகக் கலால் வரி மாறியது. வரிக்கு மேல் வரி ஏறும் குறையைப் போக்க 1986-இல் "மாட்வாட்" முறையும், 2000-இல் "சென்வாட்" முறையும் வந்தன. மூலப்பொருளுக்குக் கட்டிய வரியை, முடிவுற்ற பொருளுக்கான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பதே இவற்றின் சாரம். 2017 ஜூலை 1-இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, பெரும்பாலான பொருள்கள் மீதான கலால் வரி அதில் கரைந்துவிட்டது.

கரையாமல் நின்றவற்றில் முக்கியமானவை பெட்ரோலும் டீசலும். கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் ஆகிய 5 பொருள்களும், ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைக்கும் நாள் வரை புதிய வரி முறைக்கு வெளியே வைக்கப்பட்டன. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் பெரிய அளவில் குறைக்கப்பட்டபோதும் இந்த ஐந்தையும் யாரும் தொடவில்லை.

ஒரு லிட்டரின் கணக்கு

2021 பிப்ரவரி 16-ஆம் தேதி தில்லியில் ஒரு லிட்டர் பெட்ரோலின் விலை 89 ரூபாய் 29 காசு. அன்றைய விலைப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் வரியின் பருமன் புரியும்.

முகவருக்கு எண்ணெய் நிறுவனம் வைத்த அடிப்படை விலை ரூ.31.82. போக்குவரத்துச் செலவு 28 காசு. மத்திய கலால் வரி ரூ.32.90. முகவர் கமிஷன் ரூ.3.68. இவை அனைத்தையும் கூட்டிய தொகை மீது தில்லி அரசு அப்போது விதித்த 30 சதவீத மதிப்புக் கூட்டு வரி ரூ.20.61. அதாவது, மக்கள் கொடுத்த 89 ரூபாயில் ஏறத்தாழ 53 ரூபாய் 50 காசு வரி. பெட்ரோலின் விலையைவிட அதன் மீதான கலால் வரியே அதிகமாக இருந்தது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. மாநில அரசின் வரி, கலால் வரியையும் சேர்த்த தொகை மீதே கணக்கிடப்படுகிறது. ரூ.32.90 கலால் வரிக்கு 30 சதவீதம் என்றால் ரூ.9.87. பெட்ரோலுக்காக அல்ல, பெட்ரோல் மீதான வரிக்காக மட்டும் ஒரு தில்லிவாசி லிட்டருக்குப் பத்து ரூபாய்க்கு அருகில் இன்னொரு வரி கட்டினார். இதன் மறுபக்கமும் உண்மை. 2021 நவம்பரில் கலால் வரி 5 ரூபாய் குறைக்கப்பட்டபோது தில்லியில் பெட்ரோல் விலை ரூ.110.04-இலிருந்து ரூ.103.97-ஆக, 6 ரூபாய்க்குச் சற்று மேல் குறைந்தது.

கலால் வரி லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று நிர்ணயிக்கப்படுவது. விலை ஏறினாலும் இறங்கினாலும் தானாக மாறாது. மாநில வரியோ பெரும்பாலும் சதவீதக் கணக்கில் வசூலிக்கப்படுவது; விலை ஏறினால் தானாக ஏறும். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால்தான், இரு அரசுகளும் ஒன்றை ஒன்று குற்றம் சாட்டும்போது யார் எதை மறைக்கிறார்கள் என்பது தெரியும்.

கச்சா எண்ணெய் இறங்கினால் வரி ஏறும்

பெட்ரோல் விலை மீதான அரசுக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும், டீசல் மீதான கட்டுப்பாடு 2014 அக்டோபரிலும் விலக்கப்பட்டன. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் விலை நாள்தோறும் மாற்றியமைக்கப்பட்டது. உலகச் சந்தையில் விலை ஏறினால் இங்கும் ஏறும், அங்கே இறங்கினால் இங்கும் இறங்கும் என்பதே இந்தச் சீர்திருத்தத்துக்குச் சொல்லப்பட்ட நியாயம்.

நடந்தது என்ன? இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயின் சராசரி விலை 2013-14-இல் பீப்பாய் ஒன்றுக்கு 105 டாலருக்கு மேல் இருந்தது. 2015-16-இல் அது சுமார் 46 டாலராகச் சரிந்தது. அந்தச் சரிவு தொடங்கிய 2014 நவம்பரிலிருந்து 2016 ஜனவரிக்குள் கலால் வரி 9 முறை உயர்த்தப்பட்டது. பெட்ரோலுக்கு மொத்த உயர்வு லிட்டருக்கு ரூ.11.77, டீசலுக்கு ரூ.13.47. பெட்ரோலியப் பொருள்களிலிருந்து மத்திய அரசுக்குக் கிடைத்த கலால் வருவாய் 2014-15-இல் சுமார் 99 ஆயிரம் கோடி ரூபாய். 2016-17-இல் சுமார் 2.42 லட்சம் கோடி ரூபாய். இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு.

2020-இல் அதே காட்சி இன்னும் பெரிய அளவில் அரங்கேறியது. கரோனா தொற்றால் உலகமே முடங்கிய அந்த ஆண்டு ஏப்ரலில் இந்தியா வாங்கிய கச்சா எண்ணெயின் சராசரி விலை பீப்பாய்க்கு 20 டாலருக்கும் கீழே போனது. கலால் வரி மார்ச் 14-இல் லிட்டருக்கு 3 ரூபாயும், மே 6-இல் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் உயர்த்தப்பட்டது. மே மாத உயர்வால் சில்லறை விலை அன்று ஏறவில்லை; கச்சா எண்ணெய் விலைச் சரிவின் பலன் முழுவதும் வரியாக மாறியதே அதற்குக் காரணம். ஜூன் 7-இல் தினசரி விலை மாற்றம் மீண்டும் தொடங்கியபோதுதான் சுமை தெரிந்தது. ஜூன் 24-இல் தில்லியில் முதல் முறையாக டீசல் விலை பெட்ரோல் விலையைத் தாண்டியது.

அந்த நிதியாண்டில் ஊரடங்கால் எரிபொருள் விற்பனை குறைந்தது. ஆயினும், மத்திய அரசின் பெட்ரோலிய கலால் வருவாய் முந்தைய ஆண்டின் சுமார் 2.23 லட்சம் கோடியிலிருந்து சுமார் 3.73 லட்சம் கோடி ரூபாயாக உயர்ந்தது. அதே காலத்தில் எல்லா மாநிலங்களும் சேர்ந்து பெட்ரோலியப் பொருள்கள் மீதான விற்பனை வரியாகப் பெற்றது, இரு ஆண்டுகளிலும் சுமார் 2 லட்சம் கோடி ரூபாய்தான்.

விலை தாங்க முடியாத நிலையை எட்டியபோது வரி குறைக்கப்பட்டதையும் சொல்ல வேண்டும். 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் அறிவிக்கப்பட்ட இரு குறைப்புகளும் சேர்ந்து பெட்ரோலுக்கு 13 ரூபாய், டீசலுக்கு 16 ரூபாய். 2020-இல் ஏற்றிய தொகை சரியாக இவ்வளவுதான். ஏற்றியது கச்சா எண்ணெய் மலிவாக இருந்தபோது. முழுவதுமாகத் திருப்பிக் கொடுத்தது பீப்பாய் 100 டாலரைத் தாண்டிய பிறகு. இடைப்பட்ட காலத்தில் கிடைத்திருக்க வேண்டிய நிவாரணம் மக்களுக்குக் கிடைக்கவில்லை. 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் மீண்டும் மலிந்தபோது, கலால் வரி மீண்டும் லிட்டருக்கு 2 ரூபாய் உயர்த்தப்பட்டது. அப்போதும் சில்லறை விலை ஏறாது என்றே அறிவிக்கப்பட்டது. ஏறாது என்பது சரி. இறங்கியிருக்க வேண்டுமே என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை.

பெயரில்தான் எல்லாம் இருக்கிறது

இனி, அந்த இரண்டாவது கேள்வி. அரசியல் சட்டத்தின் 270-ஆவது பிரிவின்படி மத்திய அரசு வசூலிக்கும் வரிகளில் ஒரு பங்கு மாநிலங்களுக்கு உரியது. 2000-இல் நிறைவேறிய 80-ஆவது திருத்தம், ஏறத்தாழ எல்லா மத்திய வரிகளையும் இந்தப் பகிர்வுக்குள் கொண்டுவந்தது. ஆனால், குறிப்பிட்ட நோக்கத்துக்காக விதிக்கப்படும் செஸ், மத்திய அரசின் தேவைக்காக விதிக்கப்படும் உபரி வரி ஆகிய இரண்டும் பகிர்வுக்கு அப்பாற்பட்டவை. அந்த வழியாகத்தான் எரிபொருள் வரியின் பெரும்பகுதி மெல்ல மெல்ல வெளியேறியது.

2015-ஐ எடுத்துக்கொள்வோம். மாநிலங்களின் பங்கை 32 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்த்த வேண்டும் என்ற 14-ஆவது நிதிக் குழுவின் பரிந்துரையை மத்திய அரசு ஏற்றது. கூட்டாட்சிக்குக் கிடைத்த வெற்றியாக அது பாராட்டப்பட்டது. அதே ஆண்டு நிதிநிலை அறிக்கையில், பெட்ரோல், டீசல் மீதான கலால் வரியில் லிட்டருக்கு 4 ரூபாய் சாலை செஸ்ஸாக மாற்றப்பட்டது. ஒரு கையால் பங்கின் அளவு கூட்டப்பட்டது. மறு கையால் பங்கிட வேண்டிய தொகை சுருக்கப்பட்டது.

அதன்பின் நடந்ததைப் பெட்ரோலை மட்டும் வைத்துப் பார்க்கலாம். 2018 ஜனவரியில் மொத்தக் கலால் வரி ரூ.19.48, அதில் மாநிலங்களுடன் பகிரத்தக்க அடிப்படை வரி ரூ.6.48, அதாவது மூன்றில் ஒரு பங்கு. பிப்ரவரி பட்ஜெட்டுக்குப் பிறகு மொத்தம் அதே ரூ.19.48, பகிரத்தக்கது ரூ.4.48. 2018 அக்டோபரில் மக்களுக்கு நிவாரணமாக ரூ.1.50 குறைக்கப்பட்டபோது, அந்தக் குறைப்பு பகிரத்தக்க வரியிலேயே செய்யப்பட்டது, அது ரூ.2.98 ஆனது. 2019, 2020 ஆண்டுகளின் உயர்வுகள் செஸ், சிறப்புக் கூடுதல் வரி ஆகிய பகிரத் தேவையில்லாத பெயர்களில் வந்தன. 2021 பட்ஜெட்டில் வேளாண் உள்கட்டமைப்பு செஸ் என்ற புதிய பெயர் நுழைந்து, அடிப்படை வரி ரூ.1.40-ஆகச் சுருங்கியது. அப்போது மொத்தக் கலால் வரி ரூ.32.90.

மூன்றே ஆண்டுகளில் மொத்த வரி 13 ரூபாய்க்கு மேல் கூடியது. பகிரத்தக்க பகுதி 5 ரூபாய்க்கு மேல் குறைந்தது. லிட்டர் ஒன்றுக்கு எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துக் கிடைக்க வேண்டிய பங்கு, 42 சதவீதக் கணக்கில் சுமார் 2 ரூபாய் 72 காசாக இருந்தது. 41 சதவீதக் கணக்கில் சுமார் 57 காசாகிவிட்டது. 15-ஆவது நிதிக் குழு தமிழகத்துக்கு ஒதுக்கிய 4.079 சதவீதத்தைக் கொண்டு கணக்கிட்டால், சென்னையிலோ மதுரையிலோ விற்கும் லிட்டருக்காக மட்டுமல்ல, நாட்டில் எங்கு விற்கும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் தமிழகத்தின் பங்கு இரண்டேகால் காசு அளவே. 2022 மே குறைப்பு முழுவதும் செஸ்ஸில் செய்யப்பட்டதால் மாநிலங்களுக்கு இழப்பில்லை என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் விளக்கினார். அது உண்மையே, இழப்பதற்கு மாநிலங்களின் கையில் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை என்பதும் உண்மையே.

சாமானியருக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். பள்ளி, மருத்துவமனை, காவல் நிலையம், ரேஷன் கடை, கிராமச் சாலை என அன்றாடம் அவர் வாசல் படியேறும் இடங்கள் எல்லாம் மாநில அரசின் பொறுப்பில் இருப்பவை. அவர் கட்டும் வரி அதிகரிக்கிறது. அந்த இடங்களுக்குத் திரும்பி வரும் பங்கு குறைகிறது. பற்றாக்குறையை ஈடுகட்ட மாநிலம் தன் பங்குக்கு வேறு வரியை உயர்த்துகிறது. அதையும் கட்டுபவர் அவரே.

செஸ் என்று வசூலிக்கப்படும் பணம் அந்தந்த நோக்கத்துக்கே செலவாகிறதா என்பதும் கேள்விக்குரியது. 2018-19-இல் பல்வேறு செஸ், தீர்வைகள் மூலம் சுமார் 2.74 லட்சம் கோடி ரூபாய் வசூலானது. அதில் உரிய நிதியங்களுக்கு மாற்றப்பட்டது சுமார் 1.64 லட்சம் கோடி ரூபாய் மட்டுமே என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டினார்.

யார் தோளில் இந்தச் சுமை?

வருமான வரி வருமானத்துக்கேற்ப ஏறும். கலால் வரிக்கு அந்தக் கண் இல்லை. வீடு வீடாக உணவு கொண்டு சேர்க்கும் இளைஞரும், சொகுசுக் கார் வைத்திருப்பவரும் ஒரு லிட்டருக்குக் கட்டுவது ஒரே வரி. 2021 பிப்ரவரி விகிதப்படி, நாளொன்றுக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் போடும் இரு சக்கர வாகன ஓட்டி மாதத்துக்கு 987 ரூபாய் கலால் வரியாக மட்டும் கட்டினார். மாதம் 12 ஆயிரம் ரூபாய் சம்பாதிப்பவர் என்றால், அது அவர் வருமானத்தில் 8 சதவீதத்துக்கு மேல். வருமான வரி வரம்புக்குள்ளேயே வராத மனிதர் அவர்.

வாகனமே இல்லாதவரும் தப்புவதில்லை. அளவில் பார்த்தால் நாட்டில் பெட்ரோலைவிட டீசல் இரு மடங்குக்கு மேல் விற்பனையாகிறது. லாரி, பேருந்து, டிராக்டர், நீர் இறைக்கும் இயந்திரம், மீன்பிடிப் படகு என்று உழைப்பின் சக்கரங்கள் சுழல்வது அதில்தான். நாசிக்கிலிருந்து தில்லியின் ஆசாத்பூர் சந்தைக்கு வெங்காயம் வரும் தூரம் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் லாரி 15 டன் சுமையோடு வருவதாகக் கொண்டால், தேவைப்படும் டீசல் 325 லிட்டர். 2021 பிப்ரவரியில் டீசல் கலால் வரி ரூ.31.80, ஆக, ஒரு நடைக்கு வரி மட்டும் 10 ஆயிரத்து 335 ரூபாய். கிலோவுக்கு ஏறத்தாழ 70 காசு.

எழுபது காசுதானே என்று தோன்றலாம். ஆனால், அது ஒரு பயணத்தின் கணக்கு மட்டுமே. உழுத டிராக்டர், உரம் ஏற்றி வந்த லாரி, பண்ணையிலிருந்து சந்தைக்கு வந்த வண்டி, சந்தையிலிருந்து தெருக் கடைக்குப் போன சிற்றுந்து, திரும்பும்போது காலியாக ஓடிய லாரி என ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எழுபது காசோ முப்பது காசோ ஒட்டிக்கொள்கிறது. வெங்காயத்துக்கு மட்டுமல்ல; அரிசி, பருப்பு, எண்ணெய், சிமென்ட், செங்கல் அனைத்துக்கும் இதே கதை.

ஜிஎஸ்டியில் உள்ள வரிக் கழிவு வசதி இங்கே கிடையாது என்பது சுமையை மேலும் கூட்டுகிறது. லாரி உரிமையாளர் டயர் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைச் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கழித்துக்கொள்ள வழி உண்டு. டீசலுக்குக் கட்டிய வரியைக் கழிக்க வழியே இல்லை. அது வாடகையில் ஏறி, பொருளின் விலையில் ஏறி, அந்த விலை மீது மீண்டும் வரியும் ஏறுகிறது. சென்வாட் காலத்திலும் பெட்ரோல், டீசலுக்கு இந்தச் சலுகை மறுக்கப்பட்டிருந்தது. வரிக்கு மேல் வரியை ஒழிப்பதாகத் தொடங்கிய சீர்திருத்தம் 40 ஆண்டுகளாக எரிபொருளின் வாசலில் வந்து நின்றுவிடுகிறது.

அரசு தரப்பு நியாயம்

அரசு தரப்பில் சொல்லப்படும் காரணங்களை அப்படியே ஒதுக்கிவிட முடியாது. 2020 ஏப்ரலில் ஜிஎஸ்டி வசூல் சுமார் 32 ஆயிரம் கோடி ரூபாயாக வீழ்ந்தது. முந்தைய ஆண்டு அதே மாதத்தில் அது 1.13 லட்சம் கோடி. அந்த நிலையில் சுமார் 80 கோடி மக்களுக்கு இலவச உணவு தானியமும், பின்னர் தடுப்பூசியும் வழங்கப் பணம் வேண்டியிருந்தது. எரிபொருள் வரி போல உடனடியாகவும் உறுதியாகவும் கைக்கு வரும் வருவாய் வேறில்லை. எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதியை நம்பியிருக்கும் நாட்டில், விலையை மிகவும் மலிவாக்கி நுகர்வை ஊக்குவிப்பதும் நல்லதல்ல. காற்று மாசால் மூச்சுத் திணறும் தில்லிக்கு இதை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

ஆனால், எல்லாக் காரணங்களும் ஒரே எடை கொண்டவை அல்ல. முந்தைய ஆட்சியில் வெளியிடப்பட்ட எண்ணெய்ப் பத்திரங்களின் கடன் சுமையால் வரியைக் குறைக்க முடியவில்லை என்று 2021 ஆகஸ்டில் கூறப்பட்டது. அந்தப் பத்திரங்களில் நிலுவையாக இருந்த அசல் சுமார் 1.3 லட்சம் கோடி ரூபாய். 2026 வரை தவணைகளாகத் திருப்பிச் செலுத்த வேண்டியது. ஆண்டு வட்டி சுமார் 10 ஆயிரம் கோடி. 2020-21-இல் எரிபொருளிலிருந்து கிடைத்த கலால் வருவாயோ அந்த வட்டியைப்போல் 37 மடங்கு.

2019 செப்டம்பரில் நிறுவனங்களுக்கான வருமான வரியின் அடிப்படை விகிதம் 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு ஏற்படும் என்று அரசே மதிப்பிட்டது. அடுத்த ஆண்டு எரிபொருள் கலால் வருவாய் கூடியது ஏறக்குறைய 1.5 லட்சம் கோடி. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று சொல்ல முடியாது, கரோனா குறுக்கிட்டது. ஆயினும், வரிச்சுமை எந்தத் தோளிலிருந்து எந்தத் தோளுக்கு மாறியது என்பதை இந்த இரு தொகைகளும் காட்டுகின்றன.

மாநிலங்களும் விலக்கல்ல

மாநிலங்களும் இதில் கைசுத்தம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. 2020 மே மாதம் கச்சா எண்ணெய் மலிந்திருந்தபோது தில்லி அரசு பெட்ரோல் வரியை 30 சதவீதமாக உயர்த்தியது. தமிழகம் அதே மாதம் தன் வரியைச் சதவீதத்தோடு நிலையான ஒரு தொகையும் சேர்ந்த முறைக்கு மாற்றியது. விலை இறங்கினாலும் வருவாய் இறங்காமல் இருக்க அது உதவியது. 2021 ஆகஸ்டில் தமிழகம் பெட்ரோல் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. 2022 ஏப்ரலில் வரியைக் குறைக்காத மாநிலங்கள் என்று பிரதமர் குறிப்பிட்ட பட்டியலில் தமிழகமும் இடம்பெற்றபோது, மத்திய அரசுக்கு முன்பே குறைத்தவர்கள் நாங்கள் என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் தரப்பு பதிலளித்தது.

பெட்ரோல், டீசலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவருவது பற்றி 2021 செப்டம்பர் 17-இல் லக்னௌவில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் பேசியது. அதுவும் கேரள உயர் நீதிமன்றம் கேட்டுக்கொண்டதால். இது அதற்கான நேரமல்ல என்று முடிவாயிற்று. கட்சி வேறுபாடு இல்லாமல் எல்லா அரசுகளும் ஒன்றுபட்ட அபூர்வ தருணங்களில் அதுவும் ஒன்று.

நாடாளுமன்றத்தின் பங்கு

கலால் வரியை மாற்ற ஒரு அறிவிக்கை போதும். நாடாளுமன்றம் உச்ச வரம்பை நிர்ணயிக்கிறது. அதற்குள் அரசு எந்த நள்ளிரவிலும் விகிதத்தை மாற்றலாம். அந்த வரம்பும் எப்படி உயர்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2020 மார்ச் 23-இல் மக்களவை நிதி மசோதாவை விவாதமின்றி நிறைவேற்றியது. அதில் சேர்க்கப்பட்ட திருத்தம் ஒன்று, சிறப்புக் கூடுதல் கலால் வரியின் வரம்பைப் பெட்ரோலுக்கு 10 ரூபாயிலிருந்து 18 ரூபாயாகவும், டீசலுக்கு 4 ரூபாயிலிருந்து 12 ரூபாயாகவும் உயர்த்தியது. மறுநாள் நள்ளிரவு நாடு ஊரடங்குக்குள் போனது. ஆண்டுக்கு லட்சம் கோடிகளை மக்களிடமிருந்து பெறும் ஓர் அதிகாரம், மக்கள் பிரதிநிதிகள் ஒரு மணி நேரம்கூடப் பேசாமல் விரிவாக்கப்பட்டது.

இதைச் சீர்செய்ய வழியே இல்லை என்பதல்ல. மத்திய வரி வருவாயில் செஸ், உபரி வரிகளின் பங்குக்கு ஓர் உச்ச வரம்பு விதிக்கலாம். அதைத் தாண்டும் தொகையைப் பகிர்வுக்குள் கொண்டுவரலாம். டீசலையாவது முதலில் ஜிஎஸ்டிக்குள் கொண்டுவந்து, அதற்கு மேல் ஒரு தனி வரியை அனுமதிக்கலாம். பிரிட்டனில் எரிபொருள் மீது மதிப்புக் கூட்டு வரியும் தனித் தீர்வையும் சேர்ந்தே இருக்கின்றன. அப்படிச் செய்தால் சரக்குப் போக்குவரத்துக்கு வரிக் கழிவாவது கிடைக்கும். கச்சா எண்ணெய் இந்த விலைக்கு மேல் போனால் வரி இவ்வளவு குறையும் என்ற விதியை முன்கூட்டியே அறிவிக்கலாம். எதுவும் இயலாவிட்டால், பெட்ரோல் நிலையத்துப் பலகையில் விலையோடு வரியையும், அந்த வரியில் மாநிலங்களுக்குப் போகும் பங்கையும் எழுதி வைக்கலாம். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

வரி கட்டுவதில் மக்களுக்கு ஆட்சேபம் இருந்ததில்லை. கட்டுவது எவ்வளவு, எதற்காக, யாருக்குப் போகிறது என்பது தெரிய வேண்டும் என்பதே அவர்கள் உரிமை. அடுத்த முறை எரிபொருள் வரி உயர்ந்தது என்றோ குறைந்தது என்றோ அறிவிப்பு வரும்போது, விலைப் பலகையைப் பார்ப்பதோடு நிற்காமல், மாறியது அடிப்படை வரியா, செஸ்ஸா என்றும் பார்ப்பது நல்லது. 2018 பிப்ரவரியில் விலை மாறவில்லை என்று நாடு நிம்மதியாக உறங்கிய இரவில்தான், லிட்டருக்கு 2 ரூபாய் சத்தமில்லாமல் இடம் மாறியது.